ஐ.ஓ. சார்ட் எழுதுவது எப்படி? வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர் மாணவர்களுக்கு

சித்திரை, வைகாசி வெயிலில் பாளையங்கோட்டை வட்டார வார்டுகளில் நீர்ச்சத்து வற்றிப்போய் வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். வயல் வேலையில் மயங்கியவர், செங்கல் சூளையில் நின்றவர், வயிற்றுப்போக்கோடு வந்த ஆச்சி எனக் கட்டில்கள் நிரம்பும். இவர்களுக்கு இன்னும் எவ்வளவு ஏற்றலாம், எப்போது நிறுத்தலாம் என்று டாக்டர் யோசிக்கும்போது முதலில் புரட்டுவது நீங்கள் எழுதிய ஐ.ஓ. சார்ட்டைத்தான், அதாவது நோயாளியின் உடம்புக்குள் போன திரவத்தையும் (இன்டேக்) வெளியே வந்ததையும் (அவுட்புட்) குறிக்கும் தாளைத்தான். அதில் "நன்றாகக் குடித்தார்" என்று எழுதியிருந்தால் யாருக்கும் பயனில்லை. எண் வேண்டும்.

முதல் படி: டம்ளரை அளந்துவிடுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இதுதான். நோயாளி ஆஸ்பத்திரிப் பாத்திரத்தில் குடிப்பதில்லை. வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறார். ஒன்று 120 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 200 பிடிக்கும். கட்டில் பொறுப்பு கைக்கு வந்ததும் 50 மி.லி. சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அந்த டம்ளரை அளந்து, பிளாஸ்திரியில் "170" என்று எழுதி அதன் வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். உடன் இருப்பவரிடமும் காட்டுங்கள். அவர்தான் உங்கள் பாதிக் கணக்கை வைத்திருப்பவர்.

இரண்டாம் படி: கேட்கத் தெரிந்து கேளுங்கள்

"தண்ணீர் குடித்தாரா?" என்றால் "குடித்தாங்க" என்பதோடு முடிந்துவிடும். "அக்கா, காலையிலிருந்து ஆச்சிக்கு என்னென்ன கொடுத்தீர்கள்? காப்பி? கஞ்சித் தண்ணீர்? மோர்? இளநீர்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாத்திரைக்குக் குடித்த மடக்குத் தண்ணீரும் கணக்கில் சேரும். டிரிப், ஊசி மருந்து கலந்த திரவம், மூக்குக் குழாயில் விட்டது எல்லாவற்றையும் அந்தந்த மணிக்கே எழுதுங்கள். ஷிப்ட் முடியும்போது நினைவிலிருந்து நிரப்புகிற சார்ட்டை நான் சார்ட்டாகவே மதிப்பதில்லை.

மூன்றாம் படி: வெளியேறுவது

யூரின் பையை அளவுக் குடுவையில் வடித்து, கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பையின் மேலுள்ள கோடுகளை நம்ப வேண்டாம். வாந்தி, பேதி, டிரெயின் (உடம்பிலிருந்து திரவம் வடிய வைத்த குழாய்) வழியே வருவது எல்லாம் சேரும். டயபர் கட்டியவருக்கு, நனைந்த எடையில் உலர்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் என்றால் 1 மி.லி.

நான்காம் படி: கூட்டிப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. 50 கிலோ எடையுள்ள ஆச்சி, வயிற்றுப்போக்கு. காலை 7 முதல் பகல் 1 மணி வரை டிரிப் 500, ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) 3 டம்ளர் 510, கஞ்சி 200. மொத்தம் 1210 மி.லி. வெளியே போனது: பேதி 600, வாந்தி 100, சிறுநீர் 90. மொத்தம் 790. கணக்கு 420 மி.லி. கூடுதலாக நிற்கிறது.

அந்தக் கூட்டல் குறியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லி.யாவது வர வேண்டும். 50 கிலோவுக்கு மணிக்கு 25; ஆறு மணி நேரத்தில் 150. வந்ததோ 90. வியர்வையிலும் மூச்சிலும் போவது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை; காய்ச்சலும் வெயிலும் அதை இன்னும் கூட்டும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நாக்கு வறண்டிருக்கிறதா, நாடி வேகமா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தினமும் எடை பார்ப்பது இன்னொரு சாட்சி. காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே எடைக்கருவியில். ஒரே நாளில் 1 கிலோ ஏறினால் ஏறக்குறைய 1 லிட்டர் உடம்பில் தங்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: உப்புகளைக் கவனியுங்கள்

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை இருக்க வேண்டும். சோடியம் மிகவும் இறங்கினால் பேச்சு குழறும், ஆள் குழம்புவார், வலிப்பும் வரலாம். பேதியில் பொட்டாசியம் இறங்கினால் கைகால் துவளும், நெஞ்சு படபடக்கும்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் பேதிக்கு அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. சிறுநீரகம் பழுதானவருக்கோ அது ஆபத்து. அங்கே ஏறிய பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடும். வாங்கி வந்தவர் மனம் நோகாமல், ஆனால் உறுதியாகச் சொல்லி, டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதபடி தடுங்கள். அதே காரணத்தால்தான் பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக நரம்பில் செலுத்தக் கூடாது. டாக்டர் எழுதிய அளவைப் பாட்டிலில் நன்றாகக் கலந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

கடைசிப் படி: அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்தல்

மொத்தத்தை மட்டும் சொல்லாதீர்கள். கடைசியாகச் சிறுநீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு. ஓடுகிற பாட்டிலில் மீதி எவ்வளவு. திரவக் கட்டுப்பாடு இருந்தால் இன்னும் எத்தனை மி.லி. கொடுக்கலாம்; டாக்டரிடம் எதைச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். இவ்வளவையும் கட்டிலருகே நின்று, டம்ளரில் ஒட்டிய எண்ணையும் காட்டி ஒப்படையுங்கள்.