மாரியோ பார்ட்டியில் வார்ப் பிளாக்: எண்ணிப் போடப் பழகுவோம்

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் பின்னேர விளையாட்டெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். கடற்கரைப் பக்கம் போக முடியாது, மைதானத்தில் தண்ணீர் நிற்கும். உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டில் முன்பு இந்த நாட்களுக்கென்று தாயமும் கரமும் இருந்தன. இப்போது கனடாவில் இருந்து வந்த மச்சாள் விட்டுப்போன நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியும் சேர்ந்துவிட்டது. அதில் நாங்கள் அதிகம் விளையாடுவது மாரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ், கட்டை உருட்டி நடந்து நட்சத்திரம் சேர்க்கும் பலகை விளையாட்டு.

போன டிசம்பரில் ஒரு நாள். தங்கச்சியின் மகன், என் பெறாமகன், ஒன்பது வயது, முதன்முதலாக வார்ப் பிளாக் ஒன்றை, அதாவது ஆட்டக்காரர் இருவரை இடம் மாற்றும் பொருளைக் கையில் எடுத்தான். கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த முறையே அழுத்திவிட்டான். அவன் நின்றது நட்சத்திரத்துக்கு மூன்று எட்டு (அடி) முன்னால். நான் நின்றது பதினேழு எட்டுப் பின்னால். விளையாட்டு எங்கள் இருவரையும் தூக்கி இடம் மாற்றிப் போட்டது. என் முறை வந்ததும் 6 விழுந்தது, நட்சத்திரம் எனக்கு. பிள்ளை கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்தான். அம்மம்மா உளுந்து வடையோடு வந்தும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பொருளைப் பற்றி "அது முழுக்க அதிர்ஷ்டம், போட்டுப் பார்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரோடு மாறுவோம் என்பது மட்டும்தான் அதிர்ஷ்டம். எப்போது போடுவது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

படி 1: அது என்ன செய்யும் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

விளையாட்டே புதிது என்றால் சுருக்கமாக: நான்கு பேர் ஒரு பலகையில் தாயக்கட்டை உருட்டி நடக்கிறோம். கட்டையில் 1 முதல் 10 வரை விழும். நட்சத்திரம் இருக்கும் இடத்தைத் தொட்டாலோ கடந்தாலோ 20 காசு கொடுத்து அதை வாங்கலாம். நான்கு பேரும் நடந்து முடிந்ததும் ஒரு சின்னப் போட்டி நடக்கும். கடைசியில் அதிக நட்சத்திரம் வைத்திருப்பவர் வெல்வார்.

வார்ப் பிளாக்கைப் போட்டால் நீங்களும் வேறொரு ஆட்டக்காரரும் இடம் மாறுவீர்கள். அந்த ஆளை நீங்கள் தெரிவு செய்ய முடியாது, விளையாட்டே பொறுக்கும். மாறிய பிறகு உங்கள் கட்டையைப் புது இடத்தில் இருந்து உருட்டி நடக்கிறீர்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நட்சத்திரம் கோணேசர் கோயிலில் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் நிலாவெளியில் நிற்கிறீர்கள். ஒருவர் கோட்டை வாசலில், மான்கள் மேயும் இடத்தில். இன்னொருவர் கன்னியாவில், வெந்நீர்க் கிணற்றடியில். மூன்றாமவர் கிண்ணியாப் பாலத்தில். கோட்டை வாசல்காரரோடு மாறினால் ஏற்றத்தில் ஏறினால் போதும், கோயில். பாலத்துக்காரரோடு மாறினால் அலைச்சல்தான் மிச்சம். ஆக, போடுவதற்கு முன்னால் மூவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்களைக் கொண்டுபோய் வைக்கக்கூடிய இடங்கள் அந்த மூன்றும்தான்.

இந்தப் பொருள் நேற்று வந்ததல்ல. மாரியோ பார்ட்டி 1998இல் நின்டெண்டோ 64இல் தொடங்கியது. பொருட்களைக் கையில் வைத்திருந்து வேண்டியபோது போடும் முறை இரண்டாம் பாகத்தில் வந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். மூன்றாம் பாகத்தில் மூன்று வைத்திருக்கலாம். 2021 அக்டோபரில் வந்த சூப்பர்ஸ்டார்ஸ் அந்தக் காலத்துப் பலகைகள் ஐந்தையும் வார்ப் பிளாக்கையும் திரும்பக் கொண்டுவந்தது.

படி 2: கையில் 20 காசு இருக்கட்டும்

வார்ப் பிளாக் கடையிலும் கிடைக்கும், பொருள் தரும் வட்டங்களில் நின்றாலும் சில நேரம் கிடைக்கும். கடையில் வாங்குவதென்றால் அதன் விலையைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். நட்சத்திரத்துக்கு முன்னால் போய் 18 காசோடு நிற்பதைப் போல வயிறெரியும் விஷயம் இந்த விளையாட்டில் வேறில்லை. நீல வட்டத்தில் நின்றால் 3 காசு தருவார்கள்தான், ஆனால் அது நடந்து முடிந்த பிறகு. நட்சத்திரத்தைக் கடக்கும்போது கையில் இருப்பதுதான் கணக்கு.

காசு போதாதென்றால் பிளாக்கை வைத்துக்கொண்டு சின்னப் போட்டிக்குக் காத்திருங்கள். வென்றால் வழக்கமாக 10 காசு.

படி 3: எட்டுகளை எண்ணுங்கள்

என் பெறாமகன் விட்ட படி இதுதான். உங்கள் முறை வந்ததும் உடனே உருட்டாமல் வரைபடத்தைத் திறவுங்கள். அவசரப்படுத்த ஆள் இருப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். முதலில் உங்களுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே எத்தனை எட்டு, பிறகு மற்ற மூவருக்கும் எத்தனை என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ரீவித் திரையில் விரலை வைத்தே எண்ணுகிறோம். திரை அழுக்காகும், தங்கச்சி சத்தம் போடுவாள், ஆனாலும் கண்ணால் எண்ணுவதைவிட அது சரியாக வரும்.

புதியவர்கள் இரண்டு இடத்தில் பிழை விடுவார்கள். ஒன்று, கடை வாசலையும் பூ என்ற பேய் நிற்கும் இடத்தையும் சேர்த்து எண்ணுவது. அவை போகிற வழியில் வருபவை, எட்டில் சேராது. நின்று முடிக்கக்கூடிய வட்டங்களை மட்டும் எண்ண வேண்டும். மற்றது, நட்சத்திரத்துக்கு முன்னால் 3 வட்டம் இருந்தால் 3 போதும் என்று நினைப்பது. 3 விழுந்தால் அந்த மூன்றாவது வட்டத்தில் நின்றுவிடுவீர்கள். 4 வேண்டும். ஆகவே இடையில் இருக்கும் வட்டங்களோடு ஒன்றைக் கூட்டுங்கள். அதைத்தான் நான் தூரம் என்கிறேன்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தால், நட்சத்திரத்துக்குப் போகும் கிளையிலேயே எண்ணுங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரிந்தாலும், பிரியும் இடத்தைத் தாண்டி மறு கிளையில் நின்றால் அவர் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரவேண்டும்.

படி 4: புள்ளி போடுங்கள்

தூரத்தை 11இல் இருந்து கழியுங்கள். தூரம் 4 என்றால் 7 புள்ளி. அதாவது 4, 5, 6, 7, 8, 9, 10 ஆகிய ஏழில் எது விழுந்தாலும் நட்சத்திரத்தைத் தொடலாம், பத்தில் ஏழு. தூரம் 10க்கு மேல் போனால் புள்ளி பூச்சியம்.

மற்ற மூவரின் புள்ளிகளையும் கூட்டுங்கள். மூன்று இடத்தோடு ஒப்பிடுவதால் உங்கள் புள்ளியை மூன்றால் பெருக்குங்கள். கூட்டுத்தொகை பெரிதென்றால் வார்ப் பிளாக்கைப் போடலாம். சிறிதென்றாலோ சமம் என்றாலோ பிளாக் கையிலேயே இருக்கட்டும்.

ஒரு உதாரணம். நீங்கள் 8இல் நிற்கிறீர்கள், 3 புள்ளி, மூன்றால் பெருக்கினால் 9. மற்றவர்கள் 4, 9, 25 தூரத்தில். புள்ளிகள் 7, 2, 0, கூட்டினால் 9. சமம். முன்னால் ஒருவர் நிற்கிறாரே என்று கை துடிக்கும், போடாதீர்கள். பிளாக்கும் போய் ஒரு பயனும் இராது.

இன்னொன்று. நீங்கள் 14இல், உங்கள் புள்ளி பூச்சியம். மற்றவர்கள் 2, 4, 18 தூரத்தில். புள்ளிகள் 9, 7, 0, கூட்டினால் 16. ஓரிடத்துக்குப் பத்தாக மூன்று இடத்துக்கு முப்பது; முப்பதுக்குப் பதினாறு என்பது பாதிக்கும் மேல். நேரே உருட்டினால் ஒன்றுமே கிடைக்காத இடத்தில் பாதிக்கு மேல் வாய்ப்பு வருகிறது. இங்கே யோசிக்க வேண்டாம், போடுங்கள்.

பெறாமகனின் கணக்கையும் பார்த்துவிடுவோம். அவன் தூரம் 3, புள்ளி 8, மூன்றால் பெருக்கினால் 24. என் தூரம் 17, புள்ளி பூச்சியம். மற்ற இருவரில் ஒருத்தி 6இல், இன்னொருத்தி 12இல், கூட்டினால் 5. இருபத்துநாலைக் கொடுத்து ஐந்தை வாங்கினான். கடதாசியில் எழுதிக் காட்டியதும், "ஐயோ பெரியம்மா, நான் சும்மா உருட்டியிருக்கலாமே!" என்றான். அதற்குப் பிறகு வடையும் சாப்பிட்டான்.

படி 5: விட்டுப் போகும் இடத்தைப் பாருங்கள்

இடம் மாறும்போது நீங்கள் போவதோடு கதை முடியாது, உங்கள் இடத்துக்கு ஒருவர் வருகிறார். உங்களுக்கு 5 புள்ளி இருக்கும் இடத்தில் இருந்து மாறினால், நட்சத்திரம் தவறிய வேளையில் அந்த 5 புள்ளி இன்னொருவருக்குப் போய்ச் சேரும். நீங்கள் நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் பல பலகைகளில் அது வேறிடத்துக்குப் போய்விடும், அப்போது கவலை இல்லை.

இதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் மோசமான இடத்தில் நிற்கும்போது மட்டும் வார்ப் பிளாக்கை எடுப்பார்கள். நாம் பின்னால் நிற்கும்போது போட்டால், மாறுபவர் அந்தப் பின் இடத்துக்குப் போகிறார். நாம் முன்னேறுவதும் அவர் பின்தங்குவதும் ஒரே அழுத்தலில்.

எனக்கு மிகப் பிடித்த தருணம் பீச்சின் பிறந்தநாள் கேக் பலகையில் வரும். அங்கே நட்சத்திரம் இடம் மாறாது, எல்லோரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். நட்சத்திரத்தை வாங்கிய கையோடு நீங்கள்தான் அடுத்த நட்சத்திரத்துக்கு ஆகத் தூரத்தில் இருப்பீர்கள். அதற்குள் வேறு யாரும் உங்களுக்குப் பின்னால் வந்து நிற்காவிட்டால், மற்ற மூவரில் எவரோடு மாறினாலும் முன்னுக்குத்தான் போவீர்கள், அதிர்ஷ்டம் பார்க்கவே தேவையில்லை. ஒரு நட்சத்திரம் வாங்கி, இன்னும் 20 காசும் ஒரு வார்ப் பிளாக்கும் கையில் இருந்தால், அடுத்த முறையே இரண்டாவதை எட்டிப்பிடிக்க வாய்ப்பிருக்கிறது. இதைச் செய்து பார்த்தால் அந்தப் பொருளின் மேல் உங்களுக்கும் தனி அன்பு வந்துவிடும்.

படி 6: வேறு பொருள் இருந்தால்

ஒரு முறைக்கு ஒரு பொருள்தான். அதனால் இரட்டைத் தாயமும் (இரண்டு கட்டை உருட்ட விடும் பொருள்) கையில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். தூரம் 8 என்று வைப்போம். இரண்டு கட்டை உருட்டினால் நூறில் எழுபத்தொன்பது தடவை 8 அல்லது மேல் விழும். அந்த இடத்தில் வார்ப் பிளாக் பெரும்பாலும் கிட்ட வராது. தூரம் 16, 17 என்று போனால் நிலைமை தலைகீழ், அங்கே முன்னால் நிற்பவர்களின் புள்ளியை எண்ணுங்கள்.

தங்கக் குழாய் இருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், அது நேரே நட்சத்திரத்தடியில் கொண்டுபோய் விடும். வார்ப் பிளாக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: ஒருவர் பேய்க்குச் சற்று முன்னால் நிற்கிறார், உங்களிடம் 50 காசு இருக்கிறது என்றால், பேய் நிற்கும் இடத்துக்கும் தூரம் எண்ணிப் புள்ளி போடலாம். 50 காசுக்கு அது ஒருவரிடம் இருந்து நட்சத்திரம் திருடித் தரும். கணக்கு அதேதான், சேருமிடம் மட்டும் வேறு.

பழகுவதற்கு

ஒவ்வொருவருக்கும் 10 முறை வரும் ஆட்டம் ஒன்றை வையுங்கள், அதுதான் ஆகச் சிறியது. பலகை பீச்சின் கேக். ஆள் குறைந்தால் மிச்ச இடங்களுக்குக் கணினி ஆட்டக்காரர்களை விடுங்கள். பக்கத்தில் ஒரு கடதாசியும் பென்சிலும். வார்ப் பிளாக் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் "இப்போது இருந்திருந்தால் போட்டிருப்பேனா?" என்று மூவரின் புள்ளியையும் எழுதிப் பாருங்கள். இரண்டு ஆட்டத்துக்குள் விரல் வைக்காமலே தூரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

எங்கள் பெறாமகன் இப்போது கடதாசியைக் கேட்பதில்லை. போன கிழமை அவன் 14இல் நின்றான், நானும் தங்கச்சியும் முன்னால். வரைபடத்தைத் திறந்தான், உதடு மட்டும் அசைந்தது, "பதினாறு" என்று தனக்குள் சொன்னான். அழுத்தினான். என்னைத்தான் தூக்கியது.