போன குழியை அங்கேயே விட்டுவிட்டு வர

கோல்ஃபில் 18 குழிகளை முடிக்க ஏறக்குறைய நாலு மணி நேரம். பந்தை அடிப்பது சில நிமிடங்கள்தான், மிச்சமெல்லாம் நடை. போன குழியில் தவறிய பட் (பந்தைக் குழியை நோக்கி மெதுவாக உருட்டும் அடி) அந்த நடையில்தான் மனதை அரிக்கும். அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் இடமான டீயில் தோள் இறுகிவிடும். எனக்குக் கைகொடுத்தது கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸின் பழக்கம்: பந்துக்குப் பின்னால் நின்று, இலக்கின் கோட்டில் சில அடி முன்னால் ஒரு காய்ந்த இலையையோ புல்லையோ குறித்துக்கொள்வது. அதைத் தேடும்போது பழைய ஷாட்டை நினைக்க நேரமே இருக்காது. அப்புறம் மூச்சை மெதுவாக விட்டு, பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, உடனே அடித்துவிடுவேன். "தண்ணீரில் போட்டுடாதே" என்று எனக்கே சொல்லிக்கொள்வதை நிறுத்தி, "அந்த இலைக்கு மேலே" என்கிறேன். பட்டிங்கில்தான் பதற்றம் இன்னும் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது.