உங்க பேப்பர் எந்தப் பக்கம் சாயுதுன்னு வீட்டுலயே அளந்து பாருங்க

எங்க வீட்டுக்கு மாமா வந்தா போதும், "இது ஆளுங்கட்சி பேப்பராச்சே மச்சான், இதையா காசு குடுத்து வாங்குறீங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாரு, அப்பா "இதான் இருக்குறதுலயே நடுநிலை"ம்பாரு, ரெண்டு பேருமே ஒரு நாள்கூட எண்ணிப் பாத்தது கிடையாது. ஆனா எண்ணிப் பாக்க முடியும். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு மாசத்து ஞாயித்துக்கிழமைங்க, கூட ஒரு ஆள், அவ்வளவுதான் வேணும்.

முரசொலியையும் தீக்கதிரையும் அளக்க வேண்டியதில்ல, அவங்க எந்தக் கட்சின்னு அவங்களே சொல்லித்தான் நடத்துறாங்க. நடுநிலைன்னு சொல்லிக்கிற பேப்பரைத்தான் அளக்கணும்.

நெறைய பேர் பண்ற தப்பு, முதல்வர் படம் எத்தனை, எதிர்க்கட்சித் தலைவர் படம் எத்தனைன்னு எண்ணிட்டு முடிவு கட்டிடுறது. யார் கோட்டையில இருந்தாலும் அவங்களைப் பத்தி செய்தி கூடத்தான் வரும், அது சாய்வு இல்ல. அதனால ரெண்டு பேப்பரை ஒப்பிடுறதைவிட ஒரே பேப்பரை ரெண்டு ஆட்சியில வெச்சுப் பாருங்க, அதுதான் எனக்குத் தெரிஞ்சு நேர்மையான வழி. 2015 டிசம்பர்ல சென்னை முங்குனப்போ அதிமுக ஆட்சி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல திரும்பவும் முங்குனப்போ திமுக ஆட்சி. ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு வாரத்து முதல் பக்கத்தை எடுத்துக்கோங்க. பழைய பேப்பருக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் போய்க் கேட்டுப் பாருங்க, புதுசுக்கு இ-பேப்பர் போதும்.

இப்ப ஒவ்வொரு தலைப்புலயும் எழுவாய் யாருன்னு மட்டும் பாருங்க. "செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப்பட்டது"ன்னு போட்டா திறந்த ஆளே அந்த வாக்கியத்துல கிடையாது. "முன்னறிவிப்பின்றி ஏரியைத் திறந்த அதிகாரிகள்"னு போட்டா ஆள் வந்தாச்சு. அதே மாதிரி 2023ல "வரலாறு காணாத மழை"ன்னா பழி வானத்து மேல, "4,000 கோடி ரூபாய் மழைநீர் வடிகால் என்ன ஆனது?"ன்னா பழி அரசு மேல. நோட்டுல மழை, அரசு, அதிகாரி, ஆக்கிரமிப்புன்னு நாலு கட்டம் போட்டு கோடு கோடா இழுத்துக்கிட்டே வாங்க. ஒரு வெள்ளத்துல மழையே பெரும்பாலும் குத்தவாளி, இன்னொண்ணுல அரசே பெரும்பாலும் குத்தவாளின்னு வந்தா விஷயம் இருக்கு. ஆனா ரெண்டு வெள்ளமும் ஒண்ணு இல்லையே, நியாயமான கேள்வி, அதனால இன்னொரு ஜோடியும் எடுங்க: 2018 ஜனவரி பஸ் கட்டண உயர்வு, 2022 செப்டம்பர் மின் கட்டண உயர்வு. "உயர்வு"ன்னு போட்டாங்களா, "மாற்றியமைப்பு"ன்னு அரசு சொல்ற வார்த்தையையே போட்டாங்களான்னு பாருங்க.

வார்த்தையை வெச்சு அளக்குறது சும்மா நாம கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவுல ஜென்ட்ஸ்கோ, ஷாபிரோன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரிசு சொத்து மேல போடுற வரியை ஒரு கட்சிக்காரங்க "எஸ்டேட் டாக்ஸ்"ம்பாங்க, எதிர்த்தவங்க "டெத் டாக்ஸ்"ம்பாங்க, எந்தப் பேப்பர் எந்த வார்த்தையை எவ்வளவு எழுதுதுன்னு எண்ணுனாங்க. முதலாளி யாருங்கறதைவிட வாசகர்கள் எந்தப் பக்கம்ங்கறதுதான் சாய்வைக் கூடுதலா தீர்மானிக்குதுன்னு அதுல வந்துச்சு, எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

நமக்கு இதுல பஞ்சமே இல்ல. மத்திய அரசா ஒன்றிய அரசா, இந்தி திணிப்பா மும்மொழிக் கொள்கையா, கலைஞரா கருணாநிதியா, அம்மாவா ஜெயலலிதாவா. ஒரு எச்சரிக்கை, தலைவர் பேசுனதை மேற்கோள்ல போட்டிருந்தா அதை எண்ணாதீங்க, அது அவர் வார்த்தை, பேப்பர் வார்த்தை இல்ல. அரசோட செய்திக்குறிப்பை அப்படியே போட்டதையும் தனியா குறிச்சு வைங்க. வினைச்சொல்லையும் விடாதீங்க: ஒருத்தர் "தெரிவித்தார்", இன்னொருத்தர் "மழுப்பினார்", ஒருத்தர் "பதிலடி", இன்னொருத்தர் "புலம்பல்". யாருக்கு எதுன்னு எழுதி வைங்க.

இதையெல்லாம் தனியா பண்ணாதீங்க, இதுதான் ரொம்ப முக்கியம். நானும் என் சித்தப்பா பொண்ணும் சேர்ந்து பண்ணோம், அவளுக்கும் எனக்கும் ஓட்டு வேற வேற. பேப்பர் பேரு தெரியாம இருக்க தலைப்பை மட்டும் தனித்தனிச் சீட்டுல எழுதி, ஆதரவு, எதிர்ப்பு, ரெண்டும் இல்லன்னு மார்க் போட்டோம். "வெள்ளப் பகுதிகளில் முதல்வர் ஆய்வு"ங்கற சீட்டுக்கு நான் ஆதரவுன்னு போட்டேன், அவ ரெண்டும் இல்லன்னு போட்டா, "போனாரு, பாத்தாரு, இதுல என்னண்ணே ஆதரவு"ன்னா. அவ சொன்னது சரி. அதுக்கப்புறம் பாராட்டுச் சொல் இருந்தாத்தான் ஆதரவுன்னு விதியை எழுதி வெச்சு, மொத்தச் சீட்டையும் முதல்லேருந்து திரும்பப் போட்டோம். விதியை முன்னாடியே எழுதலைன்னா நம்ம சாய்வைத்தான் அளந்துக்கிட்டு இருப்போம்.

ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறீங்கன்னு பாக்க ஜேக்கப் கோஹன் 1960ல சொன்ன கணக்கு இருக்கு, கப்பான்னு பேரு. 100 சீட்டுல 80 ஒத்துப்போச்சு, குருட்டாம்போக்குல போட்டாலே 40 ஒத்துப்போயிருக்கும்னு வெச்சுக்கோங்க. 80ல 40 போனா 40, மொத்தம் 100ல அதே 40 போனா 60, 40ஐ 60ஆல வகுத்தா 0.67. இதுக்குக் கீழ வந்தா விதியைத் திருத்திட்டு மறுபடி உக்காருங்க, 0.8 தாண்டுனா தைரியமா எடுத்துக்கலாம்.

கடைசியா, எது வரலங்கறது. ஒரு வாரம் மட்டும் மூணு பேப்பர் வாங்கி, மத்த ரெண்டுலயும் முதல் பக்கத்துல வந்த செய்தி உங்க பேப்பர்ல எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், மறுதரப்பு பதில் எத்தனையாவது பாராவுலன்னு ஸ்கேல் வெச்சு அளங்க. எங்க பேப்பர்ல தலைப்புங்க பெருசா எந்தப் பக்கமும் சாயல, மாமா அதைக் கேட்டு ஒத்துக்கவே இல்ல. ஆனா ஆளுங்கட்சி மேல வந்த ஒரு புகார் மத்த ரெண்டுலயும் முதல் பக்கம், எங்களதுல ஏழாம் பக்கத்துல 6 சென்டிமீட்டர், அதைக் காட்டுனப்போ அப்பா ஸ்கேலை வாங்கி அவரே ஒரு தடவை அளந்து பாத்தாரு.