பிரதேச சபை, பல்கலைக்கழகம், ஊர்ப் பிள்ளைகள்: மூன்று தரப்பையும் ஒரே வேலையில் சேர்ப்பது எப்படி?

மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உள்ள குடிநீர்ப் பீலிகளை (ஊற்றுத் தண்ணீர் வந்து விழும், சனங்கள் தண்ணீர் பிடிக்கும் இடங்களை) கணக்கெடுத்து, தண்ணீரைப் பரிசோதித்து, அந்த விபரத்தைப் பிரதேச சபையின் வேலைத்திட்டத்துக்குள் கொண்டுவந்தோம். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் சிலர், அவ்வளவுதான் ஆட்கள். "எங்கள் ஊரிலும் செய்யவேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குப்பை, வடிகான், மண்சரிவு என்று எதை எடுத்தாலும் வழி ஏறத்தாழ இதுதான்.

1. கேள்வியைச் சபையிடம் வாங்குங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் சபைக் கந்தோருக்குப் போங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம், "சேர், அடுத்த வருசத்துக்கு நீங்கள் எடுக்கவேண்டிய எந்த முடிவுக்கு உங்களிடம் விபரம் போதாமல் இருக்கிறது?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: இருக்கிற காசில் எல்லாப் பீலியையும் திருத்த முடியாது, எதை முதலில் திருத்துவது? இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்காது. "மலையகத்தின் நீர்ப் பிரச்சினைகள்" என்று பொதுவாகத் தொடங்கினால் ஓர் அறிக்கை வரும், அலுமாரிக்குப் போகும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று, மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆய்வு இருந்தது; சனங்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். ஆகவே, கண்டுபிடிப்பதை யார் கையில் கொடுக்கப்போகிறோம், அவர் அதை வைத்து என்ன செய்வார் என்பது வேலை தொடங்கும் முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

2. நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அடுத்த வருடப் பாதீடு வருடக் கடைசியில் நிறைவேறும். ஆகவே உங்கள் ஆய்வின் முடிவு செப்டெம்பருக்குள் கையில் இருக்கவேண்டும். பல்கலைக்கழகத்தின் தவணை இதோடு ஒத்துப்போகாது. இறுதி வருட மாணவர்கள் தலைப்புத் தெரிவு செய்யும் காலத்தை விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

3. கடிதம்

எங்கள் வேலை அதிக நாள் கிடப்பில் கிடந்தது இந்த இடத்தில்தான். பல்கலைக்கழகத் துறையில், "சபை எழுத்தில் கேட்டால் செய்யலாம்" என்றார்கள். சபையில், "பல்கலைக்கழகம் சம்மதம் தந்தால் கூட்டத்தில் வைக்கலாம்" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான், ஆனால் இருவரும் மற்றவரின் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு பக்கக் குறிப்பால். கடிதத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு தாளை நாங்களே எழுதினோம். அதில் ஐந்து விடயம் மட்டும்: கேள்வி என்ன, யார் எதைச் செய்வார், செலவு யாருடையது, விபரம் யாரிடம் இருக்கும், எந்தத் திகதிக்கு முடியும். துறைத் தலைவர் "கொள்கையளவில் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதை இணைத்து ஓர் உறுப்பினர் மாதாந்தக் கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் சபையின் உத்தியோகபூர்வக் கடிதம் போனது.

தவிசாளர் வாயால் "செய்யுங்கள் தம்பி" என்று சொன்னால் அதோடு நிற்காதீர்கள். கடிதத்தில் தீர்மானத்தின் திகதியும் செயலாளரின் கையெழுத்தும் இருக்கவேண்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகள் கலைந்த பிறகு 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உறுப்பினர்கள் இல்லாமல் உத்தியோகத்தர்கள்தான் கந்தோரை நடத்தினார்கள். வாய்ச்சொல்லில் இருந்த எத்தனையோ வேலைகள் அந்த இடைவெளியில் தொலைந்துபோயிருக்கும். கோப்பில் இருக்கும் தாள்தான் அடுத்து வருகிறவருக்கும் பேசும்.

கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், பல்கலைக்கழகப் பிரதி ஆங்கிலத்தில் போகட்டும். கந்தோர்ச் சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு தொண்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எங்கள் குழுவில் கணினி தெரிந்த எல்லோரையும்விட அந்தத் தங்கச்சியின் உழைப்பால்தான் வேலை நகர்ந்தது.

4. தோட்டத்தின் அனுமதி

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டக் குடியிருப்புகளிலும் சபை வேலை செய்ய வழி இருக்கிறது. ஆனால் நிலம் கம்பனியின் குத்தகையில். சபைக் கடிதத்தின் பிரதியோடு தோட்டத் துரையை (மனேஜரை) நேரில் பாருங்கள். அப்புறம் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்மாரிடமும் மாதர் சங்கத்திடமும் சொல்லுங்கள். பீலி எப்போது வற்றும், எந்த மழைக்குக் கலங்கும் என்பது தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்குத்தான் தெரியும்.

வீடுவீடாகக் கேள்வி கேட்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி தேவை. அதற்கும் நாள் எடுக்கும், முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

5. கருவிகள்

படிவத்துக்கு கோபோ டூல்பாக்ஸ், தொலைபேசியில் விபரம் திரட்டும் செயலி. கூகுள் ஃபோர்ம்ஸ் வேண்டவே வேண்டாம். பள்ளத்து லயங்களில் சிக்னல் கிடையாது. கோபோவில் இணையம் இல்லாமல் நிரப்பி, டவுனுக்கு வந்து அனுப்பலாம். ஒரே படிவம் தமிழிலும் சிங்களத்திலும் தெரியும். இடத்தைப் பதியும்போது துல்லியம் 10 மீற்றருக்குள் வரும்வரை நில்லுங்கள். சவுக்கு மரங்களுக்குக் கீழே இதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அவசரப்பட்டால் உங்கள் பீலி வரைபடத்தில் பக்கத்து மலையில் இருக்கும்.

வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற மென்பொருள். இலவசம், பழைய மடிகணினியிலும் ஓடும்.

6. தண்ணீர் மாதிரி எடுப்பது

இது நன்றாகத் திட்டமிடவேண்டிய படி. தொண்டர்களுக்கு ஞாயிறுதான் வசதி, தோட்டத்தில் சனங்கள் வீட்டில் இருப்பதும் அன்றுதான். ஆனால் ஆய்வுகூடம் ஞாயிறு திறக்காது. நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கான மாதிரி குளிரில் வைக்கப்பட்டு, 24 மணித்தியாலத்துக்குள் சோதனைக்கு எடுக்கப்படவேண்டும்; 6 மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. எனவே வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுப்பு, வேலைநாள் காலையில் மாதிரி. போயா விடுமுறை அடுத்த நாள் வருகிறதா என்றும் பாருங்கள்.

கிருமி நீக்கிய போத்தலை ஆய்வுகூடமே தரும். பீலித் தண்ணீரை ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது, மூடியைக் கீழே வைக்கவும் கூடாது. போத்தலின் கழுத்து வரைக்கும் நிரப்பி, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுங்கள். இலக்கத்தை மூடியில் எழுதாமல் போத்தலில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். அப்புறம் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு. குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அதற்கென மருந்து இட்ட போத்தல் வேறு, முன்பே சொல்லி வாங்குங்கள்.

போத்தலோடு சேர்த்து ஒரு விடயத்தைக் கட்டாயம் பதியுங்கள்: பீலிக்கு மேற்பக்கம் என்ன இருக்கிறது? மலசலகூடக் குழியா, மாட்டுப்பட்டியா, மரக்கறித் தோட்டமா, எத்தனை மீற்றர் தூரத்தில்? இலங்கை நியமத்தின்படி குடிநீரில் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஆனால் இலக்கம் மட்டும் இருந்தால் உத்தியோகத்தருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. "மேலே 15 மீற்றரில் குழி" என்ற வரிதான் வேலைக்கு உதவும்.

மழை நாளில் யாரையும் மலைக்கு அனுப்பாதீர்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையோடு மண்சரிவு எச்சரிக்கையின் முதல் கட்டம் தொடங்கிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

7. முடிவைக் கொடுப்பது

ஓர் எக்செல் தாள், ஓர் ஏ3 வரைபடம், தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம். பீலிகள் அவசர வரிசையில் இருக்கட்டும். ஆய்வுக் கட்டுரை பிறகு வரட்டும், அது மாணவரின் பட்டத்துக்கு வேண்டும். சபையிடம் கொடுக்கும் அதே நாளில் தோட்டத்திலும் பிரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர் கூடும் இடத்தில்) வாசித்துச் சொல்லுங்கள். தங்கள் தண்ணீரைப் பற்றிய விபரம் அந்தச் சனங்களுக்குக் கடைசியாகப் போய்ச் சேரக்கூடாது. கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டிய பீலி எது என்பதை மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள், பாதீடு வரைக்கும் பொறுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை

பண்டாரவளை வாசகர் ஒருவர், விபரம் தர மறுத்தால் தகவல் அறியும் விண்ணப்பம் போடலாமா என்று கேட்டிருந்தார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சேர்ந்து வேலை செய்யப்போகிற கந்தோரில் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பத்தைப் பேச்சு முறிந்த பிறகு பாவிப்பதே என் விருப்பம். பதுளைப் பக்கத்தவர்கள் பேராதனை வரை வரத் தேவையில்லை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் முதலில் விசாரியுங்கள்.

இன்னொருவர், ஆய்வு செய்த மாணவி பட்டம் பெற்றுப் போனதும் கோப்பும் அவரோடு போய்விட்டது என்று எழுதியிருந்தார். கோபோ கணக்கைச் சபையின் மின்னஞ்சலில் திறந்து, மாணவருக்கும் தொண்டர்களுக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். வீட்டாரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேறு தாளில் இருக்கட்டும், அதை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம்.