பாலியல் வன்முறைக்குப் பின் குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் நடந்ததை முதலில் சொல்வது பெரும்பாலும் காவல் நிலையத்தில் அல்ல; அம்மாவிடமோ அக்காவிடமோ நெருங்கிய தோழியிடமோதான். கேட்டவர்கள் அடுத்த சில மணி நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பாதிக்கப்பட்டவரின் மனநிலையையும் பின்னால் வரும் வழக்கையும் பெரிதும் பாதிக்கிறது. அந்த நேரத்தில் நிகழும் தவறுகள் கெட்ட எண்ணத்தால் அல்ல, பதற்றத்தாலும் ஊர் என்ன பேசுமோ என்ற அச்சத்தாலும் நிகழ்பவை என்பதால்தான் அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதல் தவறு, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. பெரியம்மா வந்ததும் ஒருமுறை, மாமா வந்ததும் இன்னொருமுறை எனக் குழந்தையை நடுவீட்டில் உட்காரவைத்து விசாரிப்பதும், “நீ ஏன் அங்கே போனாய்?”, “அப்போதே ஏன் கத்தவில்லை?” என்று கேட்பதும் ஆறுதல் ஆகாது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே இசைவு கொடுத்ததாகக் கருத முடியாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அதிகாரி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நீதிமன்றத்துக்குக் குழந்தையை மீண்டும் மீண்டும் அழைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. சட்டம் காட்டும் இந்தக் கரிசனத்தைக் குடும்பம் காட்டாமலிருப்பது வேதனைக்குரியது.

இரண்டாவது, குளிக்க வைத்து உடைகளைத் துவைத்துவிடுவது. தாய்மார்கள் கைபோன போக்கில் செய்யும் காரியம் இது. இயன்றால் மருத்துவமனைக்குப் போகும்வரை குளிக்காமல் இருப்பதும், அணிந்திருந்த உடைகளை ஈரம் தேங்கும் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வைப்பதும் நல்லது. குளித்துவிட்டார் என்றால் எல்லாம் போயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனடியாக, இலவசமாக அளிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. “எஃப்ஐஆர் போட்டுவிட்டு வாருங்கள்” என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. காவல்துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. ஆனால் உடற்பரிசோதனைக்கு இசைவதும் மறுப்பதும் வயதுவந்த பெண்ணின் முடிவு. இரு விரல் பரிசோதனை என்ற அவமதிப்பான முறையைச் செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நாளாகிவிட்டது, இனிமேல் என்ன செய்வது என்று விட்டுவிடுவதும் தவறே. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. பாலியல் வழக்குகளில் தாமதம் இயல்பானது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பணியிடத் துன்புறுத்தலில் நிலைமை வேறு: அங்கே உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும்.

காவல் நிலையத்தில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது ஒரு துண்டுச் சீட்டில்தான். மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்பிவிடுகிறார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டுமே. முதல் தகவல் அறிக்கை என்றால் அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று சொல்லி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரை அணுக வேண்டும். இத்தகைய குற்றங்களில் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்குக் குறைந்தது ஆறு மாதக் கடுங்காவல் உண்டு என்பதைப் பணிவாக நினைவூட்டுவதில் தவறில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சமாதானம் பேசுவது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு தொகையைக் கொடுத்து, காலில் விழ வைத்து முடித்துவிடுகிறார்கள். அல்லது அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்கிறார்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அந்தத் திருமணமே இன்னொரு குற்றம். சமரசம் ஏற்பட்டது என்பதற்காகப் பாலியல் வன்புணர்வு வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது; ஆசிரியர் ஒருவர் மீதான போக்சோ வழக்கில் 2024 நவம்பரில் மீண்டும் அதையே உறுதி செய்தது. ஆகவே கட்டப்பஞ்சாயத்தில் எழுதப்படும் காகிதம் சட்டத்தின் முன் பாதிக்கப்பட்டவருக்கு எதையும் பெற்றுத் தராது. சாட்சியைக் கலைக்கத்தான் உதவும்.

குழந்தை விஷயத்தில் மறைப்பதே குற்றம் என்பதைப் பள்ளி நிர்வாகங்கள் இன்னும் மனத்தில் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. தெரிந்தும் தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறை விதிக்கப் போக்சோவில் இடமிருக்கிறது. தகவலைக் காவல்துறைக்குத் தர வேண்டும்; குழந்தைகள் உதவி எண்ணான 1098இலும் உதவி கேட்கலாம். வயதுவந்த பெண் என்றால் நிலைமை வேறு. புகார் தருவதா, எப்போது தருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அண்ணனும் அப்பாவும் ஆவேசத்தில் அவரைக் கேட்காமல் புகார் எழுதுவதும் அவர் கையிலிருந்து முடிவைப் பறிப்பதுதான்.

படத்தையோ வீடியோவையோ காட்டி மிரட்டும்போது பணம் கொடுப்பதும், அவமானம் தாங்காமல் செய்திகளை அழித்துவிடுவதும் அடுத்தது. அழிக்காமல், கைபேசியை அப்படியே வைத்துக்கொண்டு, தேசிய இணையவழிக் குற்றத் தளத்திலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ புகார் தர வேண்டும். 2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில் மிரட்டப் பயன்பட்ட வீடியோக்களே குற்றவாளிகளுக்கு எதிரான சான்றுகளாயின. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் இழப்பீடு அளிக்க உத்தரவிட்டது. ஆறாண்டு காத்திருப்பு கொடுமைதான். ஆனாலும் சாட்சிகள் பிறழாமல் நின்றார்கள்.

அனுதாபத்தில் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் பரப்புவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தபோது, அவருக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது.

கடைசியாக, அரசுத் தரப்பு வழக்கறிஞர் இருக்கிறாரே என்று சும்மா இருந்துவிடுவது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும்; எண் 15100. ஆலோசனை, தங்குமிடம், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு 181இல் அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு தொடர்பு கிடைக்கும். போக்சோ வழக்கில் குழந்தைக்கு உதவியாளர் ஒருவரை நியமிக்கக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்கலாம். தீர்ப்பு வரட்டும் என்று இழப்பீட்டுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை: முதல் தகவல் அறிக்கை பதிவான பின் எந்த நிலையிலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், ஆளே அகப்படாமல் போனாலும்கூடப் போக்சோ விதிகளின்படி இழப்பீடு கோர இடமுண்டு.