20 ரூபாய் பத்திரத்தில் பிரிந்தவர்கள்: நீதிமுறைப் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் குடும்ப நீதிமன்ற வராண்டாவில் ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். "நாம் இருவரும் மனமொத்து இன்று முதல் தனித்தனியே வாழச் சம்மதித்து..." என்று போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சுரீர் என்றது. கிட்டத்தட்ட அதே வரியை இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவள் நான். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

மனுவில் முகவரியைச் சரியாகப் போடுங்கள், கல்யாணப் பத்திரிகையை இணையுங்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் சீனியரின் குமாஸ்தாவே சொல்லிவிடுவார்.

விவாகரத்து வேண்டாம், ஆனால் ஒரே கூரைக்கடியில் இருக்கவும் முடியாது என்கிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம், 10ஆவது செக்‌ஷன். (தமிழில் செக்‌ஷனும் பிரிவு, செபரேஷனும் பிரிவு. குழப்பம் வேண்டாம் என்றுதான் செக்‌ஷன் என்றே எழுதுகிறேன்.) பேர் நீதிமுறைப் பிரிவு, கோர்ட்டில் ஜுடிசியல் செபரேஷன் என்றுதான் சொல்வோம். திருமணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழ வேண்டும் என்ற கடமை மட்டும் போய்விடும். 1976இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விவாகரத்துக்கு என்ன காரணங்களோ இதற்கும் அவையேதான்: கொடுமை, கைவிட்டுப் போவது, வேறு தொடர்பு, இப்படி. கிறிஸ்தவர்களுக்கு 1869 சட்டத்திலும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு அந்த 1954 சட்டத்திலும் இந்த வழி இருக்கிறது.

பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பிரிவது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளும்.

நான் வக்கீலாகப் பதிவு செய்து மூன்றாவது வருஷம். ஒரு தம்பதி வந்தார்கள், மூன்று வயதுப் பையனோடு. அந்தப் பெண்ணுக்குத் தங்கை ஒருத்தி கல்யாணத்துக்கு இருந்தாள், அதனால் வீட்டில் டைவர்ஸ் என்ற வார்த்தையே கூடாது என்றார்கள். கணவருக்கு எப்படியாவது விட்டால் போதும். "கோர்ட்டு, வாய்தா எதுவும் வேண்டாம் மேடம், ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்கள். 20 ரூபாய் பத்திரம் இரண்டு வாங்கி, இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிட மாட்டோம், மனைவி ஜீவனாம்சம் கோர மாட்டார், பையனின் படிப்புச் செலவைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதி, நோட்டரி சீலும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஐந்து வருஷம் கழித்து அந்தப் பெண் மட்டும் வந்தார். பையனுக்கு ஃபீஸ் கட்டுவதைக் கணவர் நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜீவனாம்ச மனு போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நான் எழுதிய அதே பத்திரத்தை நீட்டினார். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது செக்‌ஷன், இப்போது புதிய சட்டத்தில் 144. இரண்டிலும் ஒரு வரி இருக்கிறது: பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு அந்தச் செக்‌ஷனில் ஜீவனாம்சம் கிடையாது. அந்தச் சம்மதத்தைத்தான் நான் முதல் வரியிலேயே எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிக் கொடுத்திருந்தேன். பையனுக்கான தொகைக்குச் சிக்கல் வரவில்லை. அம்மாவுக்கானது இரண்டு வருஷம் இழுத்தது.

சரி, விவாகரத்தே போடலாம் என்று பார்த்தால் அங்கேயும் அதே பத்திரம் குறுக்கே நின்றது. கைவிட்டுப் போனார் என்று சொல்ல வேண்டுமானால், மனைவியின் சம்மதம் இல்லாமல் போயிருக்க வேண்டும். சம்மதித்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எப்படிச் சொல்வது? அன்றைக்கே 10ஆவது செக்‌ஷனில் மனு போட்டு டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) வாங்கியிருந்தால், அதன் பிறகு ஒரு வருஷம் சேர்ந்து வாழவில்லை என்ற ஒன்றை வைத்தே 13(1ஏ) செக்‌ஷனில் விவாகரத்து கேட்டிருக்கலாம், பழைய கொடுமைகளை மறுபடி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 24ஆவது செக்‌ஷனில் இடைக்கால ஜீவனாம்சம், 25இல் நிரந்தரமானது, 26இல் குழந்தை யாரிடம் என்பது, எல்லாமே அந்த ஒரு வழக்கிலேயே கேட்டிருக்கலாம். ஐந்து வருஷம் வீண்.

இதற்குள் அந்தக் கணவர் கோயிலில் வைத்து இன்னொரு கல்யாணமும் செய்திருந்தார். பெண் வீட்டாரிடம் "டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று காட்டியது எதை? என் பத்திரத்தைத்தான். முதல் திருமணம் சட்டப்படி உயிரோடு இருந்ததால் அந்த இரண்டாவது திருமணம் செல்லாது. அவருக்கும் இருதார வழக்கு, ஏழு வருஷம் வரை சிறை இருக்கக்கூடிய குற்றம். பிறந்த குழந்தைக்குச் சட்டம் அங்கீகாரம் கொடுக்கிறது, ஆனால் அந்த இரண்டாவது பெண்ணுக்கு மனைவி என்ற இடமே இல்லை. அந்த இரண்டாவது பெண் என் ஆபீசுக்கே வந்து, "இதை எழுதினது நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்கள் சாதியில் அத்துவிடும் (கோர்ட்டுக்குப் போகாமலே திருமணத்தை முறித்துக்கொள்ளும்) வழக்கம் உண்டு என்பார்கள் சிலர். அந்த வழக்கத்தைச் சட்டம் காப்பாற்றுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நீண்ட காலமாக இருக்கிற வழக்கம் என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நோட்டரி சீல் அதை நிரூபிக்காது.

டிகிரி வந்து ஒரு வருஷம் ஆனால் தானாக விவாகரத்து ஆகிவிடும் என்று நினைப்பது

ஆகாது. மனு போட வேண்டும்.

ஜீவனாம்சத்தை நிறுத்திவிட்டு அந்த ஒரு வருஷத்தை எண்ணுவது

மனு போட்டாலும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஹிராசந்த் எதிர் சுனந்தா என்று 2001இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. நீதிமுறைப் பிரிவு வாங்கியது மனைவி. மனைவிக்கு மாதம் 100 ரூபாய், மகளுக்கு 75 ரூபாய் கொடுக்க உத்தரவு. கணவர் கொடுக்கவில்லை, வேறு பெண்ணோடு வாழ்வதையும் விடவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டதே என்று விவாகரத்து கேட்டு வந்தார். தன் தப்பையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள முடியாது என்று சொல்லி, 23ஆவது செக்‌ஷனைக் காட்டி மறுத்துவிட்டார்கள். என்னிடம் வரும் கணவன்மார்களிடம் இந்த 175 ரூபாய்க் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்புவது

ஜூனியர்கள் செய்வது இது. அந்த ஒரு வருஷத் தடை 14ஆவது செக்‌ஷனில் இருக்கிறது, அது விவாகரத்து மனுவுக்கு. நீதிமுறைப் பிரிவுக்குக் கிடையாது. ஆறாவது மாதத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணிடம் "அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லாதீர்கள்.

இனி சொத்தில் பங்கு இல்லை என்று நினைப்பது

இந்து திருமணச் சட்டத்தில் பிரிந்தவர்கள் கணவன் மனைவியாகவே தொடர்கிறார்கள், ஆகவே வாரிசும்தான். வேண்டாம் என்றால் உயில் எழுதுங்கள்.

"என் பெண்டாட்டிதானே" என்று ராத்திரி கதவைத் தட்டுவது

பிரிந்து வாழும் மனைவியைச் சம்மதமில்லாமல் உறவு கொண்டால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 67ஆவது செக்‌ஷன். இரண்டு முதல் ஏழு வருஷம் வரை சிறை.

மறுபடி சேர்ந்ததைக் கோர்ட்டில் சொல்லாமல் விடுவது

சேர்ந்துவிட்டால் சந்தோஷம். ஆனால் டிகிரி தானாகக் கலையாது, அதை ரத்து செய்யச் சொல்லி 10(2)இல் ஒரு மனு போட வேண்டும். யாரும் போடுவதில்லை. ஒரு ஜோடி லட்டு டப்பாவோடு வந்தது, மனு போடுங்கள் என்றேன், "எதுக்கு மேடம் மறுபடி கோர்ட்டுப் படி" என்று போய்விட்டார்கள். நாலு வருஷம் கழித்துச் சண்டை. கணவர் பழைய டிகிரியை எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து நாங்கள் சேரவே இல்லை என்று விவாகரத்து மனு போட்டுவிட்டார். அந்தப் பெண் ரேஷன் கார்டு, கேஸ் புக், வாடகை ரசீது எல்லாம் கொண்டுவந்தார், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம் சொன்னார்கள். கடைசியில் இரண்டாவது குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். கணவரின் வக்கீல் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, வாய்தா கேட்டார்.