அப்டேட் போட்டும் மூடாத ஓட்டை

லினக்ஸில் சாதாரண யூசர் அட்மின் அதிகாரத்தோடு கமாண்ட் ஓட்ட உதவும் புரோகிராம் சூடோ. 2021 ஜனவரியில் அதன் ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ (மெமரியில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும் பிழை) வெளியான அன்றே சர்வரில் அப்டேட் போட்டேன். பாஸ்வேர்டு தெரியாத சாதாரண யூசரும் ரூட் (முழு அதிகாரமுள்ள யூசர்) ஆகிவிடக்கூடிய ஓட்டை அது. 2011இலிருந்தே கோடில் இருந்திருக்கிறது.

மனசு கேட்காமல், சாதாரண யூசராக நுழைந்து, ஓட்டை இருக்கிறதா என்று காட்டும் 'சூடோஎடிட் -எஸ் /' கமாண்டை அடித்தேன். சரியாகியிருந்தால் பதில் 'யூசேஜ்:' என்று தொடங்க வேண்டும். வந்ததோ 'சூடோஎடிட்:' என்றே தொடங்கியது. பகீரென்றது.

தேடியதில் பிடிபட்டது: எப்போதோ நானே கம்பைல் செய்த பழைய சூடோ, யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் செட்யூஐடி பிட்டோடு (யார் ஓட்டினாலும் ஃபைல் ஓனரின் அதிகாரத்தில், இங்கே ரூட்டாக, ஓடவைக்கும் குறி) கிடந்தது. சிஸ்டம் கமாண்டைத் தேடும் ஃபோல்டர்களின் வரிசையான பாத்தில் அதுதான் முதலில். அப்டேட் போடும் பேக்கேஜ் மேனேஜருக்கு அது இருப்பதே தெரியாது. 'சிஎச்மோட் யூ-எஸ்' போட்டு பிட்டை எடுத்து, ஃபைலையும் அழித்தேன். மறுபடி சோதித்தபோது 'யூசேஜ்:' வந்தது.

அன்றிரவே 'ஃபைண்ட் / -பெர்ம் -4000' ஓட்டி, மற்ற செட்யூஐடி ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.